சென்னையிலிருந்து சொந்த ராஃப்ட்: வாங்குவது முதல் ஆற்றில் இறக்குவது வரை

சென்னையைச் சுற்றி நுரைத்து ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. கூவமும் அடையாறும் ராஃப்ட், அதாவது வேகநீரில் துடுப்புப் போட்டுப் போகும் காற்றடைத்த ரப்பர் படகு, இறக்குகிற நிலையில் இல்லை. ஆனாலும் கர்நாடகத்துத் தண்டேலிக்கோ வடக்கே ரிஷிகேஷுக்கோ ஒருமுறை போய்விட்டு வந்த நண்பர் கூட்டத்தில், "ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சொந்தமாக ஒரு ராஃப்ட் வாங்கினால் என்ன?" என்ற பேச்சு கட்டாயம் எழும். நல்ல யோசனைதான். சேர்ந்து வாங்கி, சேர்ந்து பராமரித்து, சேர்ந்து துடுப்புப் போடுகிற கூட்டம் ஆற்றை ஆழமாகக் கற்றுக்கொள்ளும். இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராஃப்ட் உங்களுடையதாக இருந்தாலும், அந்த ஆற்றை அறிந்த, பயிற்சி பெற்ற கைடு ஒருவர் பின்னால் உட்கார வேண்டும். உள்ளூர் அனுமதியையும் முன்கூட்டியே வாங்க வேண்டும். வனத்துறை எல்லைக்குள் ஓடும் ஆறுகளும், அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் ஆறுகளும் உண்டு. கேட்காமல் இறங்குவது உங்கள் உயிரோடு அடுத்தவர் உயிரையும் பணயம் வைப்பது.

முதலில் ஆற்றை முடிவு செய்யுங்கள்

கடைக்காரர் காட்டும் படத்தைப் பார்த்து ராஃப்ட் வாங்கக் கூடாது. எந்த ஆறு, எந்த மாதம், எத்தனை பேர் என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்த பிறகுதான் விலை கேட்க வேண்டும்.

ஆற்றின் கடினத்தை உலகம் முழுவதும் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பு லேசான ஓட்டம். இரண்டாவதில் சிறு அலைகள், வழி தெளிவாகத் தெரியும். மூன்றாவதில் அலைகள் ஒழுங்கில்லாமல் வரும், ராஃப்ட்டைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். நான்காவது பலமான, சிக்கலான ரேப்பிட் (ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்து விரையும் இடம்). அதில் தவறி விழுந்தால் நீந்திக் கரை சேர்வதே பெரும்பாடு. ஐந்தாவது தேர்ந்தவர்களுக்கு மட்டும். ஆறாவதை எவரும் இறங்கத் தகாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே ரேப்பிட் தண்ணீர் ஏறினால் ஒரு வகுப்பு கூடிவிடும், சில இடங்களில் தண்ணீர் குறைந்து பாறை வெளியே தெரியும்போதும் கடினமாகும். அதனால் "இந்த ஆறு மூன்றாம் வகுப்பு" என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தில் என்று கேளுங்கள்.

நம்மிடமிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டரில் குடகு. அங்கே பாரபோளே ஆறு மழைக்காலத்தில்தான் உயிர் பெறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குறுகலாகவும் வேகமாகவும் பாறைகளுக்கு நடுவே வளைந்தும் ஓடும். தண்டேலிப் பக்கம் காளி ஆறு வேறு மாதிரி. சூபா அணைக்குக் கீழே, கணேஷ்குடியை ஒட்டி, திறந்துவிடும் தண்ணீரை வைத்து ஓடுவது. பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகுப்பு. மகாராஷ்டிரத்தில் கொலாடுக்குப் பக்கத்தில் ஓடும் குண்டலிகாவும் இப்படி அணைத் தண்ணீரை நம்பியதே. ரிஷிகேஷுக்கு மேலே கங்கை அகலமானது, ஆழமானது, பெரிய அலைகள் உள்ளது. மழைக்காலத்தில் அங்கே ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள்.

ராஃப்ட்டின் அளவை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது. பாரபோளே மாதிரி குறுகிய ஆற்றில் 16 அடி ராஃப்ட்டைக் கொண்டுபோனால் பாறை இடுக்கில் திரும்பாது. கங்கையின் பெரிய அலையில் 10 அடி ராஃப்ட் எளிதாகக் கவிழும்.

நீளமும் உருவமும்

12 அடி ராஃப்ட்டில் நான்கு பேரும் கைடும் வசதியாக உட்காரலாம். 13 அடியில் ஆறு பேரும் கைடும் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு போகலாம். 14 அடி, ஆறிலிருந்து எட்டுப் பேருக்கும் கைடுக்கும் சரியாக இருக்கும். 16 அடி என்பது வணிக நிறுவனங்களுக்கானது. சென்னையிலிருந்து கர்நாடக ஆறுகளுக்குப் போகும் ஒரு நண்பர் குழுவுக்கு நான் தயங்காமல் சொல்வது 13 அடி. ஆள் குறைந்தாலும் ஓட்டலாம், ஒரு காரின் பின்னாலும் ஏற்றலாம். 14 அடி ராஃப்ட் 60 கிலோவைத் தாண்டும், அடுக்குமாடிப் படிக்கட்டில் நான்கு பேராவது பிடிக்க வேண்டிவரும்.

பக்கவாட்டுக் குழாயின் விட்டம் கூடினால் ராஃப்ட் உயரமாக மிதக்கும், அலை உள்ளே வருவது குறையும், ஆனால் உட்காரும் இடமும் குறையும். முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வளைவு இருந்தால்தான் முனை அலையில் குத்திக்கொள்ளாமல் ஏறும், பாறைகளுக்கு நடுவே சட்டென்று திரும்பவும் செய்யும். அதிகம் வளைந்தது சமநீரில் மெதுவாகப் போகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒருவர் உட்கார்ந்து இரண்டு நீண்ட துடுப்பை வலிக்கும் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம் வைத்த ராஃப்ட்டும் உண்டு. பல நாள் பயணத்துக்கு, சாமான் ஏற்றுவதற்கு அது நல்லது. முதல் ராஃப்ட்டாக வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. சென்னையில் எளிதாகக் கிடைக்கும் ரப்பர் படகுகள் இரண்டு வகை: ஏரியில் மிதக்க மெல்லிய வினைல் படகு, பின்னால் மோட்டார் பொருத்தும் பலகை வைத்த மீட்புப் படகு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாம் பார்த்தது இந்த இரண்டாவது வகையை. அதன் தட்டையான பின்பகுதியும் கனமான தரையும் சமமான நீருக்கு ஏற்றவை. பாறையும் அலையும் உள்ள ஆற்றுக்கு இரண்டுமே ஆகாது.

தரை: தண்ணீர் தானாக வெளியேற வேண்டும்

பழைய வகை ராஃப்ட்டில் அடியில் ஒரே துணி, உள்ளே வந்த தண்ணீரை வாளியால் இறைக்க வேண்டும். புதிய வகையில் தரையும் காற்று நிரப்பியது, ஓரமெங்கும் துளைகள் இருக்கும், அலை அடித்த தண்ணீர் தானே வடிந்துவிடும். இந்த இரண்டாவது வகையைத்தான் வாங்க வேண்டும். காரணம் எளிய கணக்கு. உள்பகுதி 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்று வைத்து, 30 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 900 கிலோ. அந்தச் சுமையோடு எவ்வளவு துடுப்புப் போட்டாலும் ராஃப்ட் திரும்பாது, அடுத்த பாறையை நோக்கி அப்படியே போகும்.

துணி

பெரிய விவாதம் ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் பூச்சா, பிவிசி என்ற பிளாஸ்டிக் பூச்சா என்பது. டுபான்ட் நிறுவனம் ஹைப்பலான் தயாரிப்பை 2010இல் நிறுத்திவிட்டது. அதே வகை ரப்பர் பூச்சை இன்று மற்றவர்கள் செய்கிறார்கள், சந்தையில் பழைய பெயர்தான் ஓடுகிறது. இது வெயிலையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், மடித்தால் சிறிய பொட்டலமாகும், ஒட்டுப் போடுவதும் எளிது. விலைதான் கூடுதல். பிவிசி விறைப்பாக இருக்கும், பாறையில் வழுக்கிப் போகும், விலை குறைவு, ஆனால் சுருட்டினால் பருமனாக நிற்கும், ஆண்டுகள் போகப் போக மடிப்புகளில் வெடிக்கும்.

நம் ஊர் வெப்பத்தை நினைத்தால் என் ஓட்டு ஹைப்பலான் வகைக்கு. கையில் பணம் குறைவென்றால் பிவிசி வாங்குங்கள், ஆனால் மூட்டுகள் சூட்டில் வெல்டிங் செய்தவையா, பசை போட்டவையா என்று கேட்டே ஆக வேண்டும். பசை போட்ட பிவிசி மூட்டு சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கிடந்தால் நாளடைவில் விட்டுக்கொடுக்கும்.

பழைய ராஃப்ட் வாங்குவதானால்

நிறுவனங்கள் சில ஆண்டு ஓட்டிய ராஃப்ட்டைக் கழிப்பதுண்டு. விசாரித்தால் அமையும். ஆனால் காற்றடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சுற்றுக்குழாய் பொதுவாக நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கும். ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அதனால் அறைகளுக்கு நடுவே உள்ள சுவர்த்துணி ஒழுகுகிறதா என்று பார்ப்பது முக்கியம். ஓர் அறைக்கு மட்டும் லேசாக, உருண்டு வரும் அளவுக்கு மட்டும், காற்றடியுங்கள். பக்கத்து அறை மெல்ல உப்பினால் சுவர் போய்விட்டது. அதைச் சரிசெய்வது பெரிய வேலை, அந்த ராஃப்ட்டை விட்டுவிடுங்கள். அது நன்றாக இருந்தால் எல்லா அறைக்கும் அடித்து, சோப்புத் தண்ணீரைத் தடவி மூட்டுகளையும் வால்வுகளையும் பாருங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில், அதே நிழலில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். காலையில் அடித்து மதியம் அளந்தால் வெப்பம் கணக்கைக் குழப்பிவிடும். துணியை மடித்து மடிப்பில் வெடிப்பு தெரிகிறதா, கயிறு கோக்கும் D வடிவ வளையங்களின் அடித்துண்டு உரிகிறதா, தரையைக் கோத்த கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒழுங்காகப் போட்ட ஒட்டுகள் பல இருப்பது குற்றமில்லை.

ராஃப்ட்டுக்கு முன் வாங்க வேண்டியவை

எல்லோரும் ராஃப்ட்டுக்கு முழுப் பணத்தையும் போட்டுவிட்டு, லைஃப் ஜாக்கெட்டில் மிச்சம் பிடிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ராஃப்ட்டை ஒரு பருவம் வாடகைக்குக்கூட எடுக்கலாம், உடல் மேல் போடுகிற சாமான் சொந்தமாக, அளவாக இருக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் நுரை வைத்ததாக, ஐஎஸ்ஓ 12402 போன்ற தர முத்திரை உள்ளதாக இருக்கட்டும். படகுத்துறையில் மாட்டிவிடும் தொளதொள ஆரஞ்சு அங்கி ஆற்றுக்கு உதவாது. போட்டு, பக்கவாட்டு வார்களை இறுக்கி, பின்னாலிருந்து ஒருவரை இரண்டு தோள்பட்டியையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறினால் அளவு தவறு. பைக் ஹெல்மெட்டைக் கொண்டுவராதீர்கள், அதன் பஞ்சு தண்ணீரை இழுத்துக் கனக்கும். வேகநீர் விளையாட்டுக்கென்று ஈஎன் 1385 முத்திரையோடு வருவது நெற்றியை மூடும், தண்ணீர் வடியத் துளையும் இருக்கும்.

துடுப்பு ஆளுக்கு ஒன்று, கூடுதலாக இரண்டு. நுனியில் T வடிவக் கைப்பிடி இருக்கும். அதை உள்ளங்கை எப்போதும் மூடியிருக்க வேண்டும். ராஃப்டிங்கில் பல் உடைவதும் மூக்கு உடைவதும் பெரும்பாலும் அடுத்தவரின் விட்டுப்போன கைப்பிடியால்தான். குதிகாலைப் பிடித்து நிற்கும் செருப்பு அல்லது ஷூ வேண்டும். பருத்தி உடை வேண்டாம். கங்கைக்குப் போனால் பனி உருகிய தண்ணீர், வெட்சூட் (உடலை ஒட்டிய, குளிர் தாங்கும் ரப்பர் உடை) இருப்பது நல்லது.

இவற்றோடு விசில், மிதக்கும் கயிறு 15 முதல் 20 மீட்டர் வரை உள்ள, விழுந்தவரை நோக்கி எறியும் வீசு பை குறைந்தது இரண்டு, கைடுக்கு ஒரு கத்தி, பாறையில் ராஃப்ட் ஒட்டிக்கொண்டால் இழுக்க நீளாத கயிறு, இரண்டு கப்பி, சில கேரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி), இழுகயிற்றில் சுற்றினால் இறுகிப் பிடிக்கும் இறுகுமுடிச்சுக் கயிறுகள். கப்பிகளில் கயிற்றை இசட் (Z) வடிவில் ஓடவிட்டுக் கட்டினால் இழுவை கணக்குப்படி மூன்று மடங்காகும். தண்ணீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அதனால்தான் சிக்கிய ராஃப்ட்டை வெறுங்கையால் இழுக்க முடிவதில்லை.

கயிறு வாங்கப் பாரிமுனைக்கோ காசிமேட்டுக்கோ போனால் பெரிய தேர்வு உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பாலிபுரோப்பிலீன் மிதக்கும், நைலான் மூழ்கும், நீளவும் செய்யும். வீசு பையையும் கேரபினரையும் மலையேற்றச் சாமான் விற்பவரிடமே வாங்குங்கள். தாங்கும் சுமை பொறிக்காத கேரபினர் சாவிக்கொத்துக்குத்தான் லாயக்கு.

ஒத்திகை சென்னையிலேயே

ஆற்றங்கரையில் போய் முதல்முறையாகப் பிரிக்கக் கூடாது. அடுக்குமாடி கார் நிறுத்துமிடமே போதும். தரையைப் பெருக்கி, தார்ப்பாய் விரித்து, மாலையில் வேலையைத் தொடங்குங்கள். எந்த வேலை யாருடையது என்று அன்றே முடிவாகட்டும்.

பம்ப்பைப் பற்றி ஒரு சொல். பங்க்சர் கடைக்கோ பெட்ரோல் பங்க்குக்கோ தூக்கிப்போய்க் காற்றடிக்கும் எண்ணம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டயருக்கு 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), ராஃப்ட்டுக்கு வேண்டியது 2 முதல் 2.5 பிஎஸ்ஐ மட்டும். கார் பேட்டரியில் ஓடும் ஊதுபம்ப்பால் உருவம் வரும்வரை நிரப்பி, மீதியைக் கைப்பம்ப்பால் முடிப்பதே வழக்கம். 5 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் குறைந்த அழுத்த அளவுமானி கையில் இருக்க வேண்டும்.

கவிழ்ந்த ராஃப்ட்டை நிமிர்த்துவதையும், தண்ணீரிலிருந்து ஒருவரைத் தோள்பட்டியைப் பிடித்து உள்ளே இழுப்பதையும் அமைதியான நீரில் பழகுங்கள். அனுமதி கிடைக்கும் நீச்சல்குளமோ, முட்டுக்காடு போன்ற கழிமுகப் பகுதியில் முன்பே கேட்டு வாங்கிய நேரமோ சரிவரும். மெரினா அலையில் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே கடல் உள்ளிழுக்கும், அது ஆற்றுக்கான பாடமும் இல்லை.

கட்டளைகளையும் இங்கேயே பழகிவிடுங்கள். ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன் என்றே கர்நாடகத்திலும் ரிஷிகேஷிலும் கைடுகள் கத்துவார்கள். தமிழ்க் குழுவும் அதே சொற்களில் பழகுவது நல்லது, ரேப்பிட்டில் மொழிபெயர்க்க நேரமில்லை.

ஆற்றங்கரையில் காற்றடிப்பது

நிழலான, கூர்மையான கல் இல்லாத இடம் தேடுங்கள். வால்வைத் திறந்ததும் உள்ளே மணல் இருக்கிறதா என்று பார்த்து ஊதித் துடையுங்கள். பெரும்பாலான ராஃப்ட்டில் நடுத்தண்டை அழுத்தித் திருப்பும் வால்வு இருக்கும். தண்டு மேலே எழும்பி நின்றால் காற்று உள்ளே போகும், வெளியே வராது. கீழே அழுந்தி நின்றால் காற்று வெளியேறும். அடிக்கத் தொடங்குமுன் எல்லா வால்வும் மேலே நிற்கின்றனவா என்று ஒருவர் சுற்றிவந்து பார்க்கட்டும்.

சுற்றுக்குழாயின் ஓர் அறையை முழுதாக அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். வெறுமையான பக்கத்து அறைக்குள் சுவர்த்துணி பிதுங்கி, தையல் இழுபடும். ஒவ்வோர் அறைக்கும் உருவம் வரும் அளவுக்கு மட்டும் வரிசையாக அடியுங்கள். அப்புறம் குறுக்குக் குழாய்களை இடத்தில் பொருத்தி அடியுங்கள். மறுபடி சுற்றிவந்து சுற்றுக்குழாயை முழு அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் தரை. தரையில் கூடுதல் அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வால்வு இருக்கும், அது சீறினால் போதுமானது வந்துவிட்டது. துணியில் அல்லது கையேட்டில் தயாரிப்பாளர் எழுதிய எண் எதுவோ அதுவே இறுதி. சரியாக அடித்த குழாயைத் தட்டினால் தவில் மாதிரி கணீரென்று கேட்கும். ஆனாலும் காதை நம்பாமல் அளவுமானியை வையுங்கள். எல்லா வால்வுக்கும் மூடி போட மறக்க வேண்டாம்.

வெப்பத்தின் கணக்கை எவரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 25 டிகிரிக் காலையில் 2.5 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் வெயிலில் போட்டால், உள்காற்று 55 டிகிரி ஆனதும் அழுத்தம் 4 பிஎஸ்ஐயைத் தாண்டும். துணி கொஞ்சம் விரிந்து கொடுத்தாலும் மூட்டுகள் தெறிக்க அது போதும். மாறாக 40 டிகிரியில் 2.5 அடித்த ராஃப்ட்டை 15 டிகிரித் தண்ணீரில் இறக்கினால், உள்காற்று குளிர்ந்தபின் 1.1 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கிவிடும். ராஃப்ட் நடுவில் மடியத் தொடங்கும், அலையில் முன்னால் உட்கார்ந்தவரை உதறும். அதனால் தண்ணீரில் இறக்கிப் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, மறுபடி அளந்து, குறைந்ததை அடித்துக்கொண்டு கிளம்புங்கள். நடுவழியில் கரையேறினால் வெயிலில் இழுத்துப்போடாமல் பாதி தண்ணீரிலேயே விட்டு, கொஞ்சம் காற்றையும் இறக்கிவிடுங்கள்.

கயிறுகள்

வெளிச்சுற்றுக் கயிறு எல்லா D வளையத்திலும் நுழைந்து குழாயை ஒட்டி இறுக்கமாக ஓட வேண்டும். விழுந்தவர் பிடிக்க அதுதான். தொங்கலாக விட்டால் கால் நுழைந்து சிக்கும். ஆற்றில் சிக்கிய கால் ஆளையே கொல்லும். ராஃப்ட்டின் எந்த மூலையிலும் தொங்கும் வளையமோ, அவிழ்ந்த நுனியோ இருக்கக் கூடாது. முன்னும் பின்னும் கட்டும் கரைக்கயிறுகள் ராஃப்ட் நீளம் இருந்தால் போதும், அவற்றைச் சுருட்டிப் பையில் செருகுங்கள். கைடின் இடுப்பில் நிமிர்த்துப் பட்டி, அதாவது கவிழ்ந்த ராஃப்ட்டை இழுத்து நிமிர்த்தும் பட்டி, இருக்கட்டும். வீசு பைகளைச் சட்டென்று எடுக்கிற மாதிரி கொக்கியில் மாட்டுங்கள். தண்ணீர்ப் பாட்டில், முதலுதவி, ஒட்டுச் சாமான் எல்லாமே ராஃப்ட் தலைகீழானாலும் அசையாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும்.

பாதத்தை நுழைக்கும் கிண்ணங்கள் தரையில் ஒட்டியிருக்கும். விரல்பகுதி மட்டும் உள்ளே போக வேண்டும், கணுக்கால்வரை போனால் கிண்ணம் பெரிது.

உட்காரும் விதம்

எல்லோரும் குழாயின் மேல், பாதி இடுப்பு வெளியே இருக்கும்படி. உள்ளே உட்கார்ந்தால் துடுப்பு தண்ணீரை எட்டாது. இருபக்க எடையும் சமமாக இருக்கட்டும். முன்னால் இருவரும் பலசாலிகளாக இருப்பதைவிடத் தாளம் தவறாதவர்களாக இருப்பது முக்கியம், பின்னால் இருப்பவர்கள் அவர்களைப் பார்த்தே துடுப்புப் போடுகிறார்கள். பெரிய அலையுள்ள ஆற்றில் கனமானவர்களைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள்.

திரும்பி வந்த பிறகு

சுத்தமான தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உப்புநீரில் இறக்கியிருந்தால் அன்றே. தரையின் ஓர மடிப்புக்குள் மணல் தங்கும், அதுதான் உள்ளிருந்து அரிக்கும். ஈரத்தோடு சுருட்டினால் சென்னையில் ஒரே வாரத்தில் பூஞ்சை. மின்விசிறிக்கு அடியில் நிழலில் காயவைத்து, டால்கம் பவுடர் தூவித் தளர்வாகச் சுருட்டுங்கள். பளபளப்புக்காக சிலிகான் கலந்த கார் பாலிஷ் போடாதீர்கள், பின்னால் ஒட்டுப் போடும்போது பசை பிடிக்காது. மொட்டைமாடிக் கொட்டகையில் வெயில், தரைத்தளத்தில் மழைத்தண்ணீர், இரண்டு இடத்திலும் எலி. மடிப்புகளில் கூடு கட்டி எலி கடித்தால் ஒரே இரவில் நாலைந்து ஓட்டை. உள் அறையில், தரையிலிருந்து உயர்த்தி வைப்பதே பாதுகாப்பு.

ஒட்டுப் போடுவது நம் ஊரில் ஈரப்பதத்தோடு நடக்கும் சண்டை. ஹைப்பலானுக்கும் பிவிசிக்கும் பசை வேறு வேறு, சைக்கிள் கடை சொல்யூஷன் எதற்கும் நிற்காது. ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டி, கிழிசலைச் சுற்றி 5 சென்டிமீட்டர் மிஞ்சும்படி வையுங்கள். இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, உரிய கரைப்பானால் துடைத்து, பசையை மெல்லிய இரண்டு பூச்சாகப் போட்டு, ஒவ்வொன்றும் விரலில் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை காயவிடுங்கள். பிறகு ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்தி, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் பசைமேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து ஒட்டு உரியும். மே, ஜூனில் தரைக்காற்று அடிக்கும் முற்பகல், கடற்காற்று வருவதற்கு முந்தைய நேரம், இதற்கு நல்லது. நிழலில், காற்றோட்டமாகச் செய்யுங்கள். ஏசி அறையில் ஈரம் குறைவுதான், ஆனால் அந்தக் கரைப்பான்களின் ஆவி மூடிய அறையில் ஆபத்து.

பயணம் இல்லாத மாதங்களிலும் ஓரிரு முறை பிரித்துக் காற்றடித்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு ஓட்டை தெரிந்தால் பசை காய நேரமிருக்காது.